கடலுக்கு முதுகு காட்டி நின்ற வேன்

என் பேத்தியைப் பற்றி எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன். கொட்டாவி விட்டதை எழுதுவேன், தும்மினதை எழுதுவேன், தூக்கத்தில் சிரித்ததைத் தனியாக எழுதுவேன். ஆனால் இது அவளைப் பற்றி இல்லை. அவளைக் கடல் பார்க்கக் கூட்டிக்கொண்டு போன வேன்காரரைப் பற்றி. அவர் கதையில் என் பேத்தி கொஞ்ச நேரம்தான் வருகிறாள். வந்தவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அழுதாள், அவ்வளவுதான். பசித்தால் குழந்தை அழத்தானே செய்யும்?

மகளுடைய பிரசவத்துக்காக நானும் என் வீட்டுக்காரியும் கடல் தாண்டிப் போயிருந்தோம். பார்த்துக்கொண்டது எல்லாம் அவள்தான். நான் துணி மடித்தேன், மீதி நேரமெல்லாம் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மரக்கடையில் மரம் தூக்கியே காலம் போன ஆள் நான். இத்தனை லேசான ஒன்றைத் தூக்கிப் பழக்கம் இல்லை. முதல் தடவை கையில் கொடுத்தபோது கீழே விழுந்துவிடுமோ என்று பயமாக இல்லை, பறந்துவிடுமோ என்றுதான் பயமாக இருந்தது.

குழந்தைக்குக் கழுத்து நின்றதும் மாப்பிள்ளை, "ஒரு நாள் எங்கயாவது வெளிய போயிட்டு வரலாம் மாமா, நீங்களும் எத்தனை நாள்தான் இந்த ஜன்னலையே பார்ப்பீங்க" என்றார். அந்த ஊரிலிருந்து கடலோரமாகவே ஒரு ரோடு போகிறது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் தண்ணீர். மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போய்க் கடைசியில் ஒரு முனையில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நிலம் இல்லை. அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள்.

"நம்ம பேச்சு பேசற டிரைவர் ஒருத்தர் இருக்கார், அவரையே சொல்லிட்டேன்" என்றார் மாப்பிள்ளை.

விடிந்ததும் வாசலுக்கு வேன் வந்துவிட்டது. நாங்கள் இறங்கிப் போனபோது அவர் ஈரத்துணியால் ஜன்னல் கண்ணாடிகளை வெளிப்பக்கமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் பழைய பேப்பரைக் கசக்கி மறுபடி ஒரு முறை. நரைத்த தலை, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, ஒல்லியான ஆள்.

"பளபளன்னுதானே இருக்கு, இன்னும் எதுக்குத் துடைக்கறீங்க?" என்றேன்.

"கடல் காத்து ஐயா. உப்பு. நேத்து துடைச்சது இன்னைக்கு மங்கிடும். நீங்க பார்க்கப் போறது எல்லாம் இதுவழியாத்தானே."

பெயர் கேட்டேன். "எல்லாரும் பொறுமைன்னுதான் கூப்பிடுவாங்க. நீங்களும் அப்படியே கூப்பிடுங்க" என்றார். ஹாரன் அடிக்க மாட்டாராம், யாரையும் முந்த மாட்டாராம். மற்ற டிரைவர்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

குழந்தைக்கான சின்ன சீட்டை அவரே கட்டினார். பெல்ட்டுக்கு அடியில் இரண்டு விரலை விட்டு இறுக்கம் பார்த்தார். என் பேத்தி அதில் ஒரு விரலைப் பிடித்துக்கொண்டாள். அவர் குனிந்த நிலையிலேயே நின்றார். விரலை இழுக்கவே இல்லை.

"அண்ணே, உருவிக்குங்க. விட்டா சாயங்காலம் வரைக்கும் பிடிச்சுக்கிட்டிருப்பா" என்றாள் என் வீட்டுக்காரி.

"இருக்கட்டும்மா. என்ன அவசரம்?"

"உங்களுக்குப் பேரப்பிள்ளை இருக்கா?"

"ஒண்ணு இருக்கும்மா. பையன். பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பதில் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. ஆனால் என் வீட்டுக்காரி அதற்குள் பால் புட்டியை எந்தப் பையில் வைத்தாள் என்று தேடப் போய்விட்டாள்.

வண்டி கிளம்பியது. ஊர் முடிந்து முதல் வளைவு திரும்பினதும் கடல் ஒரேயடியாக முன்னால் வந்து நின்றது. நான் வாயைப் பிளந்தேன். அப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததே இல்லை. மகள் குழந்தையின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, "கடல் பாரு, கடல் பாரு" என்றாள். குழந்தை தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நெத்தி அப்படியே அவங்க அப்பா. மூக்கு எங்க வீட்டு மூக்கு" என்றாள் என் வீட்டுக்காரி.

"காதைப் பாரு. காது என்னோடது" என்றேன்.

"ஆமா, காது உங்களோடதுதான். நான் எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்குது."

மாப்பிள்ளை சிரித்தார். முன்னால் கண்ணாடியில் வேன்காரரின் கண்ணும் சிரித்தது.

முதலில் நிறுத்தின இடத்தில் கடலுக்குள் ஒரு பெரிய பாறை, நடுவில் ஓட்டை. அலை அந்த ஓட்டைக்குள் புகுந்து இந்தப் பக்கம் வெள்ளையாகக் கொட்டும். எல்லா வண்டிகளும் எப்படி எப்படியோ நின்றன. இவர் மட்டும் முன்னே போய்ப் பின்னே வந்து, வேனின் மூக்கு நேராகக் கடலைப் பார்க்கும்படி நிறுத்தினார்.

"ஏன் பொறுமை, இவ்வளவு சிரமம்?"

"இறங்க முடியாதவங்க வண்டியில இருப்பாங்க ஐயா. கால் வலிக்காரங்க, பிள்ளைத்தாச்சிங்க. அவங்களும் காசு குடுத்துத்தானே வர்றாங்க. சீட்டுல உட்கார்ந்தபடியே தெரியணும்."

எங்களைப் பாறைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். "அம்மா கொஞ்சம் ஐயா பக்கம் தள்ளி நில்லுங்க, சண்டையில இருக்கிற மாதிரி தெரியுது" என்றார். "சண்டைதான் அண்ணே, எப்ப இல்ல" என்றாள் இவள். அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் வாய்விட்டுச் சிரிக்கிறோம், குழந்தை தூங்குகிறது.

அடுத்த இடத்தில் படி இறங்கிப் போனால் கறுப்புக் கூழாங்கல் கரை. படி செங்குத்தாக இருந்தது. என் முட்டி அதற்கு லாயக்கில்லை. மற்றவர்கள் குழந்தையோடு இறங்கிப் போனார்கள். நான் வேனில் முன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அலை கற்களை உருட்டிக்கொண்டு பின்வாங்கும் சத்தம் மேலே வரை கேட்டது. யாரோ பெரிய ஜல்லடையில் ஜல்லி சலிப்பது போல. அவர் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி இருந்தார். ஓடாத வண்டியிலும் அவர் கை அதில்தான் இருக்கும்.

நான் பேத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வேறு எதைப் பேசுவேன்? அவள் குளிக்கும்போது உதட்டைக் குவிப்பதைச் சொல்லிவிட்டு, "உங்க பையன் என்ன பண்றான்? நடக்கறானா?" என்றேன்.

"நடக்கறான் ஐயா. ஓடவே செய்யறான். நடக்கப் பழகினதை முழுசாப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் விழுவான், இந்தப் பக்கம் நான் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிப்பேன்."

"கண்ணாடியா?"

அவர் கடலைப் பார்த்தபடியே சொன்னார். நான் அங்கங்கே கேட்டதை எல்லாம் விட்டுவிட்டு அவர் கதையைச் சொல்கிறேன்.

அவருடைய அப்பா அந்த ஊருக்குக் கல் உடைக்க வந்தவர். இவர் அங்கேயே பிறந்தார். கல் குவாரி லாரி ஓட்டினார். கல்யாணமானதும், "சட்டையைத் துவைச்சா சேறுதான் வருது, இருமறது நீங்க, பயப்படறது நானா" என்று மனைவி சத்தம் போட, லாரியை விட்டு ஸ்கூல் பஸ்ஸுக்குப் போனார். அப்புறம் இந்த வேன். சீட்டு உறையெல்லாம் அந்த அம்மா தைத்ததுதான். இப்போது நான் உட்கார்ந்திருப்பதும் அதுதான் என்றார். தைத்தவர் ஒரு நாளும் அந்த சீட்டில் உட்கார்ந்து இந்த ரோட்டைப் பார்த்ததில்லை. ஒரே மகள். அவளை அந்தக் கடைசி முனையில் டீக்கடை வைத்திருக்கிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்தன்றைக்கு அந்த அம்மா இந்த வழியாக வந்தார். அன்றைக்கும் மடியில் ஒரு அண்டா, பக்கத்தில் ஒரு மூட்டை, ஜன்னல் மறைந்துவிட்டது.

"ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன் ஐயா. தினம் போற ரோடுதானே, எங்க போயிடப் போகுதுன்னு."

மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகள் வயிற்றில் பிள்ளையோடு வந்து கூட இருந்தாள். இவர் வேலைக்குப் போனார். அன்றைக்கு வண்டியில் ஒரு தாயும் மகனும். அந்தத் தாய்க்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்துவிட வேண்டும் என்று எங்கிருந்தோ வந்திருந்தார்கள்.

"இதே இடம்தான் ஐயா. அவங்க கீழ இறங்கிப் போயிருந்தாங்க. போன் வந்துச்சு. மகதான். 'அம்மா உங்களைக் கேக்கறாங்க, உடனே வாங்க'ன்னா. வேற ஒண்ணும் சொல்லல. அழவும் இல்ல. அவங்க படி ஏறி வந்தாங்க. வண்டியை எடுத்தேன். திருப்பிடலாம்னுதான் எடுத்தேன். அந்த அம்மா பின்னாலேர்ந்து, 'இன்னும் எவ்வளவு நேரம்பா, வெளிச்சம் இருக்குமா'ன்னு கேட்டாங்க. இருக்கும்மான்னு சொல்லிட்டு, நேரா ஓட்டிட்டேன்."

"அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே பொறுமை."

"சொல்லியிருந்தா அவங்களே திருப்பச் சொல்லியிருப்பாங்க. நல்ல மனுஷங்க. வண்டியில ஏறினவங்ககிட்ட வீட்டு விஷயம் பேசக் கூடாதுன்னு ஒரு பழக்கம். அது வாயைக் கட்டிடுச்சு. காட்டிட்டு ஒரே மிதியா வந்துடலாம்னு நினைச்சேன்."

சூரியன் இறங்கினது. அந்தத் தாய் கையெடுத்துக் கும்பிட்டாராம். இவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. வராந்தாவில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கடலைக் காட்டி முடிச்சாச்சா?" என்று கேட்டாள். பத்துப் பேர் முன்னால் கேட்டாள். காரியம் எல்லாம் முடிந்து கிளம்பும்போது, "உங்க கால் என் வாசப்படியில படக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"படல ஐயா. இன்னைக்கு வரைக்கும் படல. ஆனா கடைக்கு முன்னால வண்டி நிறுத்தற இடம் எல்லாருக்கும் பொது. அங்க நிறுத்தக் கூடாதுன்னு அவ சொல்லல. கண்ணாடிக் கடை. உள்ள நடக்கறது எல்லாம் தெரியும். நான் இறங்க மாட்டேன். அவ வெளிய வர மாட்டா."

"பேச்சே கிடையாதா?"

"கிடையாது. ஆனா போன மாசத்துலேர்ந்து பையனுக்கு ஒரு குட்டி நாற்காலி போட்டிருக்கா. கடைக்குள்ள எவ்வளவோ இடம் இருக்கு, கண்ணாடி ஓரமாப் போட்டிருக்கா. போன வாரம் அவன் கையைப் பிடிச்சு இப்படி ஆட்டினா. என்னைப் பார்த்தாளா, ரோட்டைப் பார்த்தாளான்னு தெரியல." அவர் தன் கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். "ஒரு தடவை அவனைத் தூக்கணும் ஐயா. அது போதும். அவசரப்பட்டுக் கெடுத்துக்கக் கூடாது. அவளாப் போட்ட நாற்காலி. மெதுவா அவளாவே கூப்பிடுவா."

கூப்பிடுவாள் என்று சொன்னேன். அப்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

கடைசி முனைக்குப் போகும்போது சூரியன் நன்றாகச் சாய்ந்திருந்தது. வண்டி நிறுத்துகிற மைதானம், அதன் விளிம்பில் கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் கடல் மட்டும்தான். வந்த வண்டியெல்லாம் வேலியோரம் கடலைப் பார்த்து வரிசையாக நின்றது. இங்கே இவர் வேனைத் திருப்பினார். கடல் முதுகுப் பக்கம் போயிற்று. மூக்குக்கு நேராக ரோட்டோரத்து டீக்கடை. முகப்பு முழுக்கக் கண்ணாடி. அதை ஒட்டி ஒரு சின்ன சிவப்பு நாற்காலி. அதில் ஒரு பொடியன்.

"என்னண்ணே, மறந்துட்டீங்களா? கடல் பின்னாடி இருக்கு" என்றாள் என் வீட்டுக்காரி.

"இறங்கிப் போய்ப் பாருங்கம்மா. இங்கேர்ந்து நடக்கறதுதான் அழகு" என்றார்.

குழந்தை சீட்டில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. மகள் பெல்ட்டைக் கழற்றப் போனாள். என் வீட்டுக்காரி அவள் கையைத் தட்டிவிட்டாள். "தூங்கற பிள்ளையை எழுப்பாதடி. அந்தக் காத்துல கொண்டு போகணுமா?" எங்கள் வீட்டில் அது பெரிய சட்டம். வீடே தீப்பிடித்தாலும் குழந்தையைத் தொட்டிலோடு தூக்கிக்கொண்டு போவோமே தவிர எழுப்ப மாட்டோம்.

"நான் இருக்கேன்" என்றேன்.

"நீங்க போங்க ஐயா. காலையிலேர்ந்து வண்டியிலயே இருக்கீங்க. போய் ஒரு டீ குடிங்க. நான் இங்கேயேதான் இருப்பேன், எங்கயும் போக மாட்டேன்" என்றார் அவர். எங்கும் போக மாட்டார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

மாப்பிள்ளையும் என் வீட்டுக்காரியும் முனையை நோக்கி நடந்தார்கள். என் மகள் கடைக்குப் பின்னால் கழிப்பறைக்குப் போனாள். நான் கடைக்குள் போய், வேன் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினதும் காற்றுச் சத்தம் நின்றுவிட்டது. வெளியே நடப்பது எல்லாம் ஊமைப்படம் போல இருந்தது.

டீ கொண்டு வந்த பெண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அப்பனை உரித்து வைத்திருந்தாள். அதே ஒல்லி, அதே நெற்றி. கோப்பையை வைத்துவிட்டு, அதன் காதை என் வலதுகைப் பக்கம் திருப்பிவிட்டுப் போனாள். பக்கத்து மேசைக்கும் அப்படியே செய்தாள். அப்பா வேனைத் திருப்பி நிறுத்துவது எனக்கு ஞாபகம் வந்தது. சொல்ல வாய் வரை வந்தது. என் வீட்டுக்காரியாக இருந்தால் சொல்லியிருப்பாள், கூடவே அழுதும் இருப்பாள். நான் டீயைக் குடித்தேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் வேனைத் தாண்டிக் கடலைப் பார்த்தார்கள். அவள் மேசை துடைக்கும்போது ஒவ்வொரு தடவையும் வேன் வரைக்கும் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்தாள். அதையும் நான் பார்த்தேன். பொடியன் நாற்காலியில் நின்றுகொண்டு கண்ணாடியில் மூக்கை அழுத்தியிருந்தான்.

அப்போது வேனில் அவர் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார். எழுந்து பின்னால் போனார். குழந்தை விழித்துவிட்டது என்று புரிந்தது. குனிந்து ஏதோ சொன்னார். கையை ஆட்டினார். கிலுகிலுப்பையைத் தூக்கிக் காட்டினார். கண்ணாடி இரண்டு தாண்டியும் என் பேத்தியின் வாய் திறந்திருப்பது எனக்குத் தெரிந்தது. அவள் அழ ஆரம்பித்தால் மூச்சை அடக்கிக்கொள்வாள், முகம் கறுத்துவிடும். தெரியாதவர்கள் பயந்துவிடுவார்கள். அதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை.

அவர் பயந்துவிட்டார். பெல்ட்டைக் கழற்றிக் குழந்தையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு வேனைவிட்டு இறங்கினார். முனைப் பக்கம் பார்த்தார். எங்கள் ஆட்கள் கண்ணுக்கு எட்டின தூரத்தில் இல்லை. இரண்டு நடை இப்படியும் அப்படியும் நடந்தார். குழந்தையின் முதுகைத் தடவினார், தன் கன்னத்தை அதன் தலையில் வைத்தார். கடைக்குள் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அந்தப் பெண் துணியைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரார் பிள்ளை ஒன்று அவள் அப்பாவின் தோளில்.

நான் எழுந்தேன். எழுந்தேன் என்றால் மேசையைப் பிடித்து, முட்டியை நிமிர்த்தி, ஒரு பெருமூச்சு விட்டு. அதற்குள் அவர் கடையை நோக்கி வந்துவிட்டார். வேக வேகமாக வந்தவர் படிக்கு முன்னால் சுவரில் மோதினாற்போல நின்றார். ஒரே ஒரு படி. அதை ஏறினால் கதவு. அவர் ஏறவில்லை. "ஐயா! ஐயா!" என்று கூப்பிட்டார். அது எனக்கு ஒரு முனகலாகத்தான் கேட்டது.

அந்தப் பெண்தான் போய்க் கதவைத் திறந்தாள். காற்றும் அழுகையும் சேர்ந்து உள்ளே வந்தன.

அவர் படிக்கு வெளியே இரண்டு காலையும் ஒட்டி வைத்து நின்றுகொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து, கையை நீட்டிக் குழந்தையைப் படிக்கு மேலாகக் கொடுத்தார். துணி காற்றில் பறந்தது. அவள் சட்டென்று இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். முகத்தில் ஊதி, குலுக்கி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள். என் பேத்தி மூச்சு விட்டாள். பிள்ளை வளர்த்த கை அது, குழந்தைக்குத் தெரிந்துவிட்டது.

பொடியன் நாற்காலியை விட்டிறங்கி அம்மாவின் காலைச் சுற்றிக்கொண்டு வந்தான். வாசலில் நின்று தாத்தாவைப் பார்த்தான். தினம் பார்க்கிற முகம் கண்ணாடி இல்லாமல் நிற்கிறது. கையில் பாதி கடித்த பிஸ்கட் இருந்தது. அதை நீட்டினான்.

அவர் குனிந்தால் போதும். தூக்கியே விடலாம். அவர் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார். மகள் முகத்தைப் பார்த்தார். வாங்கிக்கட்டுமா என்று கண் கேட்டது.

"அப்பா" என்றாள் அவள். குரல் சாதாரணமாக இருந்தது. "நீங்க உங்க வேலையைச் சரியாத்தான் செய்யறீங்க. அன்னைக்கும் வண்டியில ஏறினவங்களைப் பத்திரமாச் சேர்த்தீங்க. இன்னைக்கும் சேர்த்துட்டீங்க."

"மூச்சு நின்னுடுச்சோன்னு பயந்துட்டேன்மா. யாரும் இல்ல. அதான்..."

"ஊரான் பிள்ளைக்கு மூச்சு நின்னா ஓடி வர்றீங்க இல்ல?"

அவர் பின்னால் கட்டிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"இனிமே மத்தவங்க மாதிரி வேலியோரமா நிறுத்துங்க. கடல் அந்தப் பக்கம்தான் இருக்கு."

கதவைச் சாத்தினாள். குழந்தையை என் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது தலைக்கு அடியில் கை வைத்துத்தான் கொடுத்தாள். பிறகு அந்தச் சிவப்பு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் உள்ளே, அடுப்புப் பக்கம் போட்டாள். பொடியன் பிஸ்கட்டோடு வாசலிலேயே நின்றான். "இங்க வாடா" என்று அவனையும் இழுத்துக்கொண்டு போனாள். மேசை துடைக்கிற துணி என் மேசையிலேயே கிடந்தது. அதை எடுக்க அவள் திரும்பி வரவில்லை.

என் மகள் வந்தாள். "ஐயோ அழுதாளாப்பா?" என்று குழந்தையை வாங்கிப் பால் கொடுக்க உட்கார்ந்தாள். நான் வெளியே போனேன்.

வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. அவர் அதை முன்னே எடுத்து, பின்னே தள்ளி, மற்ற வண்டிகளோடு வேலியோரமாக, கடலைப் பார்த்து நிறுத்தினார். சொன்ன உடனே செய்துவிட்டார். நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சூரியன் தண்ணீரைத் தொட்டுவிட்டது. என்னைச் சுற்றி எல்லோரும் அதைப் படம் எடுத்தார்கள்.

"படியில கால் வைக்கல ஐயா. நீங்க பார்த்தீங்க இல்ல?"

"பார்த்தேன் பொறுமை."

"அப்பான்னு கூப்பிட்டா. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

கூப்பிட்டதற்குப் பிறகு சொன்னதும் கேட்டது. அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் கையை உயர்த்திப் பின்னால் பார்க்கிற கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். கடை அதில் வந்தது. ஆனால் கடையின் முகப்பு முழுக்க எதிர்வெயில் அடித்து ஒரே தகதகப்பு. உள்ளே ஆளா, மேசையா, ஒன்றும் தெரியவில்லை. மறுபடி திருப்பினார். மறுபடியும் வெயில்தான். தன் சட்டை நுனியால் அந்தக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.

திரும்பி வரும்போது என் வீட்டுக்காரி, "என்னமா இறங்குது சூரியன்! தங்கத் தட்டை முக்கின மாதிரி. அண்ணே, நீங்க தினம் பார்க்கறீங்க, குடுத்து வச்சவர்" என்றாள். "ஆமாம்மா" என்றார்.

அவளிடம் ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "குழந்தையைத் தூக்கிட்டே போயிருக்கலாமோ" என்றாள். அப்புறம் அவளே, "இல்ல, இன்னைக்கு இல்லன்னா இன்னொரு நாள். அந்தப் பொண்ணு மனசுல அது வெந்துக்கிட்டே இருந்திருக்கு" என்றாள். எனக்கு எது சரி என்று தெரியவில்லை. அந்த நாற்காலியை அவள் எதற்காகப் போட்டாள் என்பதும் இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை.

நாங்கள் ஊர் திரும்பும் நாளில் விமான நிலையத்துக்கு அவரையே வரச் சொன்னோம். மகளும் குழந்தையும் வழியனுப்ப வந்தார்கள். அன்றைக்கும் கண்ணாடியெல்லாம் துடைத்துத்தான் வைத்திருந்தார். சீட்டு உறை துவைத்துப் போட்டிருந்தது.

"முனைக்குப் போறீங்களா பொறுமை?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தினம் போறேன் ஐயா. வேலையாச்சே. வேலியோரமாத்தான் நிறுத்தறேன். மேகம் போட்டா வெயில் இருக்காது, அன்னைக்குக் கண்ணாடியில தெரியும்னு பார்த்தேன். கடைக் கண்ணாடிக்கு உள்பக்கம் பிஸ்கட் டப்பா அடுக்கியிருக்கா. மேல வரைக்கும்."

அவ்வளவுதான் பேச்சு. என் மகள் குழந்தையைச் சின்ன சீட்டில் உட்கார வைத்துவிட்டு, அவர் கட்டுவார் என்று விலகி நின்றாள். என் பேத்தி அவரை அடையாளம் கண்டுகொண்டாளோ என்னவோ, கையைத் திறந்து திறந்து மூடினாள். அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். உள்ளே குனியவில்லை.

"பெல்ட்டை நீங்களே போட்டுடுங்கம்மா" என்றார். "ரெண்டு விரல் போற அளவு இருக்கணும். பார்த்துக்குங்க."